வளர்ச்சிக் காரணி என்றால் பால், முட்டையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். என் மனைவிக்கு வயது 36. இரண்டு வருடமாகக் காலைத் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். எட்டு மாதமாகக் கை, முகம், நெஞ்சுத் தோல் இறுகிக்கொண்டே வருகிறது. கல்யாண மோதிரத்தை ஆசாரியிடம் போய் அறுத்து எடுத்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் ‘ஸ்க்லெரோடெர்மா, எஸ்சிஎல்-70 பாசிட்டிவ், நுரையீரலில் ஆரம்பத் தழும்பு’ என்றார்கள். உடம்பில் வளர்ச்சிக் காரணிகள் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன என்று டாக்டர் விளக்கினார். மைக்கோபெனோலேட் கொடுத்திருக்கிறார், நின்டெடானிப் சேர்க்கலாம் என்கிறார். ‘வளர்ச்சி’ என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து என் அம்மா அவளுக்குப் பால், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் குறைத்துவிட்டார். நெட்டில் தேடினால் அந்தக் காரணியோடு கேன்சர் என்றும் வருகிறது. இது கேன்சரா? அதை நிறுத்த ஒரே ஊசி இல்லையா? தெரிந்தவர் ஒருவர் கொலாஜன் பவுடர் கொடுத்தார். பார்லரில் ‘குரோத் ஃபேக்டர்’ ஊசி போட்டால் தோல் இளகும் என்கிறார்கள். பக்கத்து ஊர் கிளினிக்கில் தரும் சின்ன வெள்ளை மாத்திரையில்தான் கை வீக்கம் குறைகிறது, தொடரலாமா? கல்யாணத்துக்கு முன் நான்கு வருடம் கிரானைட் பட்டறையில் இருந்தாள், அதனால் வந்ததா? எங்கள் மகளுக்கு 9 வயது, அவளுக்கும் வருமா?

— ஒரு வாசகர், கரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

பாலையும் முட்டையையும் பருப்பையும் இன்றைக்கு இரவுச் சாப்பாட்டிலிருந்தே திரும்பக் கொடுங்கள். மற்ற கேள்விகளுக்கு ஆற அமரப் பதில் சொல்லலாம், இது காத்திருக்கக் கூடாது. இந்த நோய் உணவுக்குழாயையும் குடலையும் கூடப் பிடிக்கும். வாய் சிறுத்துப்போகும், விழுங்கச் சிரமம் வரும், சாப்பிட்டது நெஞ்சில் எதுக்களிக்கும். எடை தானாகவே இறங்கும். அப்படிப்பட்ட உடம்புக்குப் புரதத்தையும் குறைத்தால் தசை கரையும், விரல் நுனியில் வரும் புண் ஆறாது, மருந்தைத் தாங்கும் தெம்பும் போய்விடும். உங்கள் அம்மா அக்கறையில்தான் செய்திருக்கிறார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த வார்த்தையை அரைகுறையாக உங்கள் கையில் கொடுத்து அனுப்பியதில் எங்களைப் போன்ற மருத்துவர்களுக்குப் பங்கு உண்டு. அதனால் அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

வளர்ச்சிக் காரணி என்பது சத்து இல்லை, தம்பி. அது ஒரு செய்தி. உடம்பில் ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சின்னப் புரதம். ‘பெருகு’, ‘இங்கே வா’, ‘நார் நெய்’, ‘ரத்தக் குழாய் முளைக்க விடு’ என்று ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. இவற்றை உடம்பு தானே தயாரிக்கிறது. பாலில் இருக்கும் புரதம் வயிற்றில் உடைந்து சிறு துண்டுகளாகித்தான் ரத்தத்தில் சேரும், அது இந்தக் கட்டளையாக மாறாது. பட்டினி போட்டால் கட்டளை நிற்கும் என்பதும் இல்லை.

காய் நறுக்கும்போது அரிவாள்மனையில் விரல் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ரத்தத் தட்டணுக்கள் வந்து ஓட்டையை அடைக்கும். அவை வெறுங்கையோடு வருவதில்லை. உள்ளே இரண்டு முக்கியமான செய்திகளை வைத்திருக்கும். ஒன்று பிடிஜிஎஃப், இன்னொன்று டிஜிஎஃப்-பீட்டா. அதைக் கேட்டதும் பக்கத்துத் திசுவில் சும்மா இருந்த ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிற செல்கள் காயத்துக்கு நகர்ந்து வந்து, கொலாஜன் நாரை நெய்து பள்ளத்தை நிரப்பும். அவற்றில் சில இன்னும் ஒரு படி மேலே போய், தசை மாதிரி சுருங்கும் சக்தி பெற்று, காயத்தின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்துச் சேர்க்கும். அந்த நிலையில் அவற்றுக்கு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். காயம் மூடியதும் வேலை முடிந்தது. அந்தச் செல்களில் பெரும்பாலானவை தாமாகவே மடிந்துபோகும். மிஞ்சுவது ஒரு தழும்பு மட்டும்.

உங்கள் மனைவிக்கு நடப்பதும் இதே வேலைதான். ஆனால் அவர் கையில் வெட்டு இல்லை, வேலையை முடிக்கச் சொல்ல ஆளும் இல்லை. பூசி முடித்த சுவர் மேலேயே கொத்தனார் மறுபடி மறுபடி கலவையை அப்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அறை சுருங்கும், ஜன்னல் மூடிப்போகும். தோலில் நடந்தால் விரல் மடங்காது. நுரையீரலில் நடந்தால் மூச்சு இழுக்க இடம் இருக்காது.

வெட்டே இல்லாத இடத்தில் இது எங்கே தொடங்குகிறது? நுண்ணிய ரத்தக் குழாய்களின் உள்சுவரில் என்பதுதான் இன்றைக்குப் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். அதனால்தான் தோல் இறுகுவதற்கு முன்பே விரல் வெளுக்க ஆரம்பித்தது. இப்படி விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பதை 1862-இல் பிரான்சில் மோரிஸ் ரேனோ என்ற மருத்துவர் விவரித்தார். அவர் பெயரால்தான் இன்றும் சொல்கிறோம். என்னிடம் வரும் நோயாளியின் நகக்கண் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். நல்ல கையில், கொண்டை ஊசியை வரிசையாக அடுக்கியது போல மெல்லிய குழாய்கள் சீராகத் தெரியும். இந்த நோயில் சில குழாய்கள் பலூன் மாதிரி உப்பியிருக்கும், சில இடத்தில் ரத்தம் கசிந்த புள்ளி, சில இடம் குழாயே இல்லாத வெறும் பொட்டல். அந்தப் பொட்டலைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கும். புதுக் குழாய் முளைக்கச் சொல்லும் விஇஜிஎஃப் என்கிற வளர்ச்சிக் காரணி இந்த நோயாளிகளின் ரத்தத்தில் அதிகமாகத்தான் இருக்கிறது. செய்தி போகிறது, உருப்படியான குழாய் வரவில்லை.

குழாய்ச் சுவர் அடிபட்ட இடத்தில் நோய் எதிர்ப்புச் செல்கள் கூடுகின்றன. நம் உடம்பையே அந்நியமாகப் பார்க்கும் எதிர்ப்பொருட்கள் உருவாகின்றன. ரிப்போர்ட்டில் இருக்கும் எஸ்சிஎல்-70 அப்படிப்பட்ட ஒன்று. கூடிய செல்கள் இன்டர்லூகின்-6, டிஜிஎஃப்-பீட்டா என்று கட்டளைகளை அள்ளிவிடுகின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட் எழுந்துகொள்கிறது.

இதில் என்னை மாணவியாக இருந்த காலத்திலேயே உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. 1972-இல் அமெரிக்காவில் கார்வைல் லெராய் என்ற மருத்துவர், ஸ்க்லெரோடெர்மா நோயாளிகளின் தோலிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார். அங்கே நோயாளியின் ரத்தம் இல்லை, எதிர்ப்புச் செல் இல்லை, குளிர் இல்லை. இருந்தும் அந்தச் செல்கள் சாதாரணச் செல்களைவிட அதிகமாகக் கொலாஜனை நெய்துகொண்டே இருந்தன. உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் அவற்றுக்கு அந்தக் கட்டளை ஞாபகம் இருந்தது.

கட்டளை எது என்பதற்குப் பலமான சாட்சி 1986-இல் கிடைத்தது. அமெரிக்க தேசிய சுகாதார ஆய்வு நிலையத்தில் அனிதா ராபர்ட்ஸ், மைக்கேல் ஸ்போர்ன் குழுவினர் டிஜிஎஃப்-பீட்டாவைப் பிறந்த எலிக்குட்டிகளின் தோலுக்கு அடியில் செலுத்தினார்கள். இரண்டு மூன்று நாளில் அந்த இடத்தில் நார்த்திசு கட்டிவிட்டது. உங்களுக்கு நெட்டில் கேன்சர் என்று வந்ததற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம். தட்டில் வளரும் சாதாரணச் செல்களைக் கட்டிச் செல் போல நடக்க வைத்ததைப் பார்த்துத்தான் அதற்கு ‘உருமாற்றும் வளர்ச்சிக் காரணி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் மனைவிக்கு வந்திருப்பது கேன்சர் இல்லை.

சரி, செய்தி செல்லுக்கு உள்ளே எப்படிப் போகிறது? செல்லின் மேல் அதற்கென்றே ஒரு வாங்கி இருக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா அதில் வந்து உட்கார்ந்ததும், உள்ளே ஸ்மாட்-2, ஸ்மாட்-3 என்ற இரண்டு புரதங்களுக்குப் பாஸ்பேட் முத்திரை விழும். முத்திரை விழுந்தவை ஸ்மாட்-4 என்பதையும் சேர்த்துக்கொண்டு செல்லின் கருவுக்குள் நுழைந்து, கொலாஜன் செய்யும் மரபணுவைத் திறந்துவிடும். இதற்குத் தடை போட ஸ்மாட்-7 என்று ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் ‘போதும்’ என்று சொல்வது அதுதான். ஸ்க்லெரோடெர்மாவில் அந்தத் தடை சரியாகப் பிடிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின.

இன்னொரு சிக்கல், டிஜிஎஃப்-பீட்டா நேரடியாகச் சுற்றித் திரிவதில்லை. ஒரு உறைக்குள் கட்டி, திசுவின் நாரோடு சேர்த்துத் தைத்து வைத்த மாதிரி தூங்கிக்கொண்டிருக்கும். இன்டெக்ரின் என்ற கொக்கியால் செல் அந்த உறையைப் பிடித்து இழுத்தால்தான் பிரியும். சுற்றியுள்ள நார் மெத்தென்று இருந்தால், இழுக்க இழுக்க அதுவும் கூடவே வரும், உறை பிரியாது. நார் விறைப்பாக இருந்தால் ஒரே இழுப்பில் பிரிந்துவிடும். அதாவது திசு இறுகினால் கட்டளை அதிகம் வெளியே வரும், கட்டளை அதிகமானால் திசு இன்னும் இறுகும். ‘மாத்திரை சாப்பிட்டும் இரண்டு மாதமாக இறுக்கம் குறையவில்லையே’ என்று நோயாளிகள் கேட்கும்போது என் மனசில் ஓடுவது இந்தச் சக்கரம்தான். ஒரே நாளில் நிற்காது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் கை வைக்கிறோமோ அவ்வளவு நல்லது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கட்டளை தெரிந்துவிட்டது, பெயரும் தெரிந்துவிட்டது, ஒரு ஊசியில் அதை அடக்க முடியாதா? உங்களைப் போலவே ஆராய்ச்சியாளர்களும் நினைத்தார்கள். முயற்சியும் செய்தார்கள்.

தடையாக நிற்பது, டிஜிஎஃப்-பீட்டாவுக்கு இன்னொரு முகம் இருப்பதுதான். நம் எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் பிடித்து வைப்பதும் அதுவே. 1992-இல் டிஜிஎஃப்-பீட்டா-1 மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. மூன்று நான்கு வாரத்துக்குள் இதயம், நுரையீரல், வயிறு என்று பல உறுப்புகளில் அழற்சி பரவி இறந்துபோயின. தழும்பு போடச் சொல்பவனும் சண்டையை விலக்கி வைப்பவனும் ஒரே ஆள். அவனை முழுசாக வெளியேற்றினால் வீடு தாங்காது.

அப்புறம் மனிதர்களில் நடந்த பரிசோதனைகள். டிஜிஎஃப்-பீட்டா-1-ஐ மட்டும் பிடிக்கும் ஒரு எதிர்ப்பொருளை 45 ஸ்க்லெரோடெர்மா நோயாளிகளிடம் சோதித்து 2007-இல் முடிவு சொன்னார்கள். பலன் தெரியவில்லை. அதைவிட வலுவான ஃப்ரெசோலிமுமாப் என்ற மருந்தை 15 பேருக்குக் கொடுத்து 2015-இல் வெளியிட்டார்கள். தோல் வேகமாக இளகியது. கட்டளைக்குக் கீழ்ப்படியும் மரபணுக்கள் அடங்கியதைத் தோல் துண்டிலேயே காண முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து பெற்றவர்கள் அந்த ஆய்வில் இல்லை, ஆனாலும் திசை சரி என்று அது காட்டியது. கூடவே ரத்தக் கசிவும் ரத்தசோகையும் வந்தன. இதே மருந்தைப் புற்றுநோய்க்காகப் பெற்ற சிலருக்குத் தோலில் கட்டிகள் முளைத்தன. உறையைப் பிரிக்கும் கொக்கிகளில் ஒன்றை அடைக்கும் மருந்தை, காரணம் தெரியாத நுரையீரல் தழும்பு நோயில் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்கள் மோசமானதால் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. டிஜிஎஃப்-பீட்டாவின் கூட்டாளியான சிடிஜிஎஃப் என்ற காரணியை அடைக்கும் பாம்ரெவ்லுமாப் மீது எல்லோரும் நிறைய நம்பிக்கை வைத்திருந்தோம். அதே நுரையீரல் நோயில் நடந்த பெரிய ஆய்வில் 2023-இல் அதுவும் தோற்றது.

இதையெல்லாம் உங்களைச் சோர்வடையச் செய்வதற்காகச் சொல்லவில்லை. ‘ஒரே ஊசியில் குணம்’ என்று நாளைக்கு யாராவது லட்சக்கணக்கில் பணம் கேட்டு வந்தால், உங்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

தலைமைக் கட்டளையை நேரடியாக அடக்க முடியாவிட்டாலும் பக்கத்துக் கட்டளைகளைக் குறைக்க முடிகிறது. உங்கள் டாக்டர் சொல்லும் நின்டெடானிப் அதைத்தான் செய்கிறது. பிடிஜிஎஃப், எஃப்ஜிஎஃப், விஇஜிஎஃப் ஆகிய மூன்று வளர்ச்சிக் காரணிகளின் வாங்கிகள் செல்லுக்கு உள்ளே செய்தியைக் கடத்தும் முனையில் அது போய் அடைத்துக்கொள்கிறது. செய்தி வாசல் வரை வரும், உள்ளே போகாது. 2019-இல் வெளியான ஆய்வில் நுரையீரல் தழும்பு உள்ள 576 ஸ்க்லெரோடெர்மா நோயாளிகள் பங்கேற்றார்கள். மூச்சை முழுக்க இழுத்து ஊதும்போது வெளிவரும் காற்றின் அளவு, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் சுமார் 52 மில்லி குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களுக்குச் சுமார் 93 மில்லி. தேய்மானம் நிற்கவில்லை, வேகம் குறைந்தது. அந்த 576 பேரில் ஏறத்தாழ பாதிப் பேர் ஏற்கெனவே மைக்கோபெனோலேட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். எனவே இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது விபரீதம் ஒன்றும் இல்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வில் தோல் இறுக்கத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நான்கு பேரில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ‘கை இளகவில்லை, வயிறு மட்டும் போகிறது’ என்று இரண்டாவது மாதமே நிறுத்திவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த மாத்திரை கைக்காக இல்லை, மூச்சுக்காக. சாப்பாட்டோடு, 12 மணி நேர இடைவெளியில் எடுக்க வேண்டும். போக்கு வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துத் தொடரலாம். கல்லீரல் பரிசோதனை ஒழுங்காக நடக்க வேண்டும். இமாட்டினிப் என்ற இன்னொரு மருந்தும் பிடிஜிஎஃப் வாங்கியை அடைக்கக்கூடியது. பலன் ஒரே மாதிரி வரவில்லை, நீர் கோத்துக்கொண்டு பலர் தாங்காமல் போனார்கள். அதனால் நான் அதை எழுதுவதில்லை.

மைக்கோபெனோலேட் வேறு பக்கமிருந்து வேலை செய்கிறது. கட்டளையை அள்ளிவிடும் எதிர்ப்புச் செல்கள் பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. என் கணக்கில் உங்கள் மனைவிக்கு முதல் மருந்து அதுதான். 2016-இல் வந்த ஆய்வில், அதுவரை நாங்கள் கொடுத்துவந்த சைக்ளோஃபாஸ்பமைடுக்குச் சமமாக நுரையீரலைக் காத்தது, உடம்பும் அதை நன்றாகத் தாங்கியது. அதைத் தவறாமல் சாப்பிடுகிறாரா என்று நீங்களே பாருங்கள். இன்டர்லூகின்-6-இன் வழியை அடைக்கும் டோசிலிசுமாப் என்ற ஊசியும் இருக்கிறது. ஆரம்ப நிலையில், அழற்சி அதிகமாக இருப்பவர்களுக்கு நுரையீரல் தேய்வதைத் தடுக்கிறது. தேவைப்பட்டால் உங்கள் டாக்டரே பேசுவார். வேகமாக முற்றும் சிலருக்கு, அவர்களுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்து, எதிர்ப்பு மண்டலத்தை அழித்து, மறுபடி ஏற்றும் சிகிச்சை உண்டு. தோல் உண்மையாகவே இளகும். ஆனால் 2014-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் முதல் வருடத்துக்குள் பத்தில் ஒருவர் அந்தச் சிகிச்சையாலேயே இறந்தார். அந்த அளவு ஆபத்தை ஏற்கும் நிலையில் உங்கள் மனைவி இருப்பதாக உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

மைக்கோபெனோலேட், நின்டெடானிப் இரண்டுமே வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும். அவருக்கு வயது 36 என்பதால் சொல்கிறேன். நம்பகமான கருத்தடை இல்லாமல் இவற்றைத் தொடங்கக் கூடாது. கூச்சப்படாமல் டாக்டரிடம் இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

அடுத்து அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயம் தந்த வரி அதுதான். கை வீக்கத்தை மளமளவென்று குறைக்கும் மாத்திரை ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். தோல் இறுக்கம் வேகமாகப் பரவும் இந்த வகையில், முதல் சில வருடங்களில், பிரெட்னிசோலோன் நாளொன்றுக்கு 15 மில்லிகிராமுக்கு மேல் போனால் சிறுநீரக நெருக்கடி என்ற ஆபத்து கூடுகிறது. ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும், சில நாளில் சிறுநீரகம் செயலிழக்கும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு நாளைக்கே உங்கள் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். பல வாரமாகச் சாப்பிட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வீட்டில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று வாங்குங்கள். வாரத்துக்கு மூன்று நாள் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். மேல் அளவு வழக்கத்தைவிட 30 கூடினாலோ, 140/90-ஐத் தாண்டினாலோ, புதிதாகத் தலைவலி, பார்வை மங்கல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. நேரத்தில் போனால் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. ஏசிஇ தடுப்பான் என்ற வகை மாத்திரைகள் வந்த பிறகு எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

கொலாஜன் பவுடர் கெடுதலும் இல்லை, பிரயோஜனமும் இல்லை. வயிற்றுக்குப் போனால் அதுவும் ஒரு புரதம்தான், தோலுக்கு நேரே போய் ஒட்டாது. அந்தப் பணத்தில் முட்டை வாங்குங்கள். பார்லர் ஊசி வேண்டவே வேண்டாம். அவர்கள் ‘குரோத் ஃபேக்டர்’ என்று சொல்வது பெரும்பாலும் நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிரிக்கும் தட்டணுத் திரவம். அதில் செறிவாக இருப்பது, மேலே நான் சொன்ன அதே பிடிஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா. பெரிய மையங்களில் இதை ஆய்வு நோக்கில் கவனமாகப் பார்க்கிறார்கள், அது வேறு. ரத்த ஓட்டம் குறைந்த தோலில், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, பார்லரில் ஊசி குத்துவது புண்ணுக்கும் கிருமிக்கும் கதவு திறப்பது. மேலே தடவும் சீரமும் தண்டச் செலவு, அந்தப் புரத மூலக்கூறு தோலைத் தாண்டி உள்ளே இறங்குவது கடினம். குளித்து ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் வறட்சிக்கும் அரிப்புக்கும் போதும்.

கிரானைட் பட்டறை பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. 1914-இலேயே எடின்பரோவில் பிராம்வெல் என்ற மருத்துவர், தன்னிடம் வந்த ஸ்க்லெரோடெர்மா நோயாளிகளில் கல் தச்சர்கள் அதிகம் இருப்பதைக் கவனித்தார். 1957-இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எராஸ்மஸ் அதையே பார்த்தார். காரணம் சிலிக்கா தூசி. நுரையீரலுக்குள் போன சிலிக்காவை எதிர்ப்புச் செல்கள் விழுங்கும், செரிக்க முடியாமல் சேதமாகும், கட்டளைகளை வெளியே கொட்டும். உங்கள் மனைவிக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, தூசியே படாத பெண்களுக்கும் இது நிறைய வருகிறது. ஆனால் அறுவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை பார்த்தாரா, உள்ளே அலுவலகத்தில் இருந்தாரா என்று உங்கள் டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். திரும்ப அந்த வேலைக்குப் போகக் கூடாது. நீங்கள் அந்தத் தொழிலில் இருந்தால், தூசி படிந்த சட்டையோடு வீட்டுக்குள் வராதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. என் நோயாளிகளிடம் நான் முதலில் கேட்பது கை கூப்பச் சொல்லித்தான். நோய் முற்றிய கையில் உள்ளங்கைகள் ஒட்டாது, நடுவே ஒரு பொந்து தெரியும். ஒரு அம்மாவுக்குக் கோலப்பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நிறுத்தி விட முடியவில்லை. பொடி மொத்தமாகக் கொட்டிவிடும். அதைச் சொல்லித்தான் அழுதார், மூச்சு வாங்குவதைச் சொல்லி இல்லை. தினமும் இரண்டு வேளை வெதுவெதுப்பான நீரில் கை நனைத்து, விரல்களை மடக்கி நீட்டி, கை கூப்பி அழுத்தும் பயிற்சியை மருத்துவமனை பிசியோதெரபிஸ்டிடம் கற்று விடாமல் செய்தார். மருந்தும் சேர்ந்தது. தோல் பரவும் இந்த வகையில் இறுக்கம் முதல் சில வருடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு பலருக்குத் தானாகவே கொஞ்சம் இளகும். அதுவரை மூட்டு மடங்கிப் பூட்டிக்கொள்ளாமல் காப்பாற்ற வேண்டும், இளகும்போது பயன்படுத்த விரல் மிச்சம் இருக்க வேண்டும். அந்த அம்மா இப்போது நான்கு புள்ளிக் கோலம் போடுகிறார். வாய்க்கும் அப்படியே: தினமும் அகலத் திறந்து பழகச் சொல்லுங்கள், பல் மருத்துவருக்கும் அது வேண்டும்.

விடியற்காலைத் தண்ணீர், ஃப்ரிட்ஜுக்குள் கை விடுவது, பாத்திரம் கழுவுவது, இவற்றை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கையுறை, சாக்ஸ் வேண்டும். வீட்டில் யாரும் புகை பிடிக்கக் கூடாது. இரவுச் சாப்பாடு படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் காலுக்கொரு செங்கல் வைத்து உயர்த்துங்கள். நெஞ்சில் எதுக்களிப்பது குறையும், அது நுரையீரலுக்குள் போவதும் குறையும்.

நுரையீரல் ஊதும் சோதனையின் எண்ணைக் கேட்டு வாங்கி, பிரஷர் நோட்டிலேயே தேதியோடு எழுதி வையுங்கள். ஆரம்பத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்க வேண்டும். இதய எக்கோ வருடத்துக்கு ஒரு முறை. நின்டெடானிப் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்த எண் இறங்கும் வேகமும் சிடி படமும்தான் முடிவு செய்யும். தோலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விட்டால் திரும்பாதது நுரையீரல்.

மகளைப் பற்றி. இது தொற்று நோய் இல்லை. அம்மா மடியில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு வெளியாரைவிடக் கூடுதல்தான். ஆனால் 2001-இல் அமெரிக்கக் குடும்பங்களில் பார்த்த கணக்கில், அப்படி இன்னொருவருக்கும் இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. குழந்தைக்கு இப்போது எந்த ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். பின்னாளில் குளிரில் விரல் வெளுத்தால் மட்டும் கூட்டிவாருங்கள், நகக்கண்ணில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்த்துவிடலாம்.